அம்மா வேண்டாம் என்கிறார்; சித்தி புகார் கொடுக்கலாமா?

கடலூரைச் சேர்ந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவருடைய அக்கா மகளுக்கு 11 வயது. அக்காவின் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார்; அக்கா ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். வீடு கடலூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில். பள்ளி விட்டதும் அந்தச் சிறுமியும் அவளுடைய 8 வயதுத் தம்பியும் முள்ளோடை பக்கம், புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மா வேலை முடிந்து வரும்வரை அங்கேதான். காலாண்டு விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வந்தவள், "இனிமே பெரியப்பா வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று அழுதிருக்கிறாள். பெரியம்மா இல்லாத நேரங்களில் பெரியப்பா தன் மடியில் உட்காரவைத்து, உடைக்கு மேலாகத் தொடக் கூடாத இடங்களில் தொடுகிறார், போனில் அசிங்கமான படங்களைக் காட்டுகிறார், பல மாதமாக இப்படி நடக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

அக்கா கேட்டு அழுதார். ஆனால், "டிரஸ்ஸுக்கு மேலதானே, வேற ஒண்ணும் நடக்கலையே, வெளிய தெரிஞ்சா இவ வாழ்க்கை என்னாகும்" என்கிறார். மாமியார் வீட்டில் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். வாசகியின் கேள்விகள் இவை: பெற்ற தாய் சம்மதிக்காதபோது நான் புகார் கொடுக்க முடியுமா? ஆதாரம் எதுவும் இல்லையே? நடந்தது பாண்டிச்சேரியில், கடலூர் போலீஸ் வாங்குமா? மருத்துவப் பரிசோதனை, கோர்ட்டு என்று குழந்தையை அலையவிடுவார்களா? அவளைக் கொண்டுபோய் ஹோமில் சேர்த்துவிடுவார்களா?

சகோதரி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கும்படி கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் பதில் அனுப்பினோம். மற்றதை விரிவாக இங்கே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவரோ, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரோ யாராக இருந்தாலும் போலீஸிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர்தான் சொல்ல வேண்டும் என்றோ, பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றோ அதில் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 21-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. "நீ ஏன் இதில் தலையிடுகிறாய்" என்று யாராவது கேட்டால், "சட்டப்படி நான் சொல்லித்தான் ஆகணும்" என்று நீங்கள் நிமிர்ந்து பதில் சொல்லலாம், அதற்காக.

அக்காவின் "டிரஸ்ஸுக்கு மேலதானே" என்ற சமாதானம் சட்டத்தில் நிற்காது. தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்று ஓர் உயர் நீதிமன்றம் சொன்னதை, 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாலியல் நோக்கத்தோடு தொட்டால் போதும், உடைக்கு மேலா கீழா என்பது பொருட்டல்ல. இந்தக் குழந்தைக்கு 12 வயது ஆகவில்லை, தொட்டவர் உறவினர், அதுவும் பலமுறை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே சட்டம் அதைக் கடுமையான பாலியல் தாக்குதலாக எடுத்துக்கொள்கிறது. தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டு வரை போகலாம். போனில் படம் காட்டியது தனிக் குற்றம்.

ஆதாரத்தைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை அல்ல. குழந்தை சொன்னாள், நீங்கள் கேட்டீர்கள்; புகாருக்கு அது போதும். விசாரித்துக் கண்டுபிடிப்பது போலீஸின் பொறுப்பு. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மேல் வழக்கு எதுவும் போட முடியாது என்று 19-வது பிரிவிலேயே இருக்கிறது. பொய்ப் புகாருக்கான தண்டனை, ஒருவரை அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ வேண்டுமென்றே கதை கட்டுகிறவர்களுக்கு. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

குழந்தையிடம் எப்படிப் பேசுவது

வழக்குகள் பலவீனமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்களிடம் சொன்னாள், பிறகு அம்மாவிடம், அப்புறம் பாட்டியிடம். இனி ஒவ்வொருவரும் உட்காரவைத்து "நிஜமாவா? எங்க தொட்டாரு? எத்தனை தடவை? நீ ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டால் இரண்டு விளைவுகள் வரும். தன்னை யாரும் நம்பவில்லை என்று அவளுக்குத் தோன்றும். பெரியவர்கள் கேள்வியிலேயே எடுத்துக்கொடுக்கும் சொற்கள் அவள் பேச்சில் ஏறிக்கொள்ளும்; நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் "சொல்லிக்கொடுத்த பேச்சு" என்பார். ஆகவே இனி நீங்களாக எதையும் கேட்க வேண்டாம். அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

அவள் ஏற்கெனவே சொன்னதை இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். தேதி, நேரம், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள் என்று. அவள் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். உறுப்புகளுக்கு அவள் வீட்டில் சொல்லும் பெயர் எதுவோ அதுவே இருக்கட்டும். நாகரிகமாக மாற்ற வேண்டாம். குழந்தையின் சொல் மாறாமல் இருப்பதுதான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

அவள் பேசியதைப் போனில் வீடியோ எடுத்திருப்பதாகவும், குவைத்தில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்ப நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அழிக்க வேண்டாம், இரண்டாம் முறை எடுக்கவும் வேண்டாம். முக்கியமாக, யாருக்கும் அனுப்ப வேண்டாம், அப்பாவுக்கும்கூட. வாட்ஸ்அப்பில் ஒருமுறை போனது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தையின் முகம், பெயர், ஊர், பள்ளி என்று அடையாளம் வெளியாவதே குற்றம். இப்படி ஒரு வீடியோ இருக்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்துவிட்டேன்" என்றும் வருந்தியிருக்கிறீர்கள். அவளிடம் மறைக்காமல், அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னதை நான் நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா இத நிறுத்தணும்னா, நிறுத்தக்கூடியவங்ககிட்ட சொல்லணும். அவங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன். அப்ப நானும் உன்கூட இருப்பேன்." பெரியப்பாவை ஜெயிலில் போடுவார்களா என்று கேட்டால், "அத கோர்ட்டு பாத்துக்கும், நீ கவலைப்படாத" என்று சொன்னால் போதும். தனக்குத் தீங்கு செய்தவர் மேல் குழந்தைக்குப் பாசமும் இருக்கலாம். அதற்காக அவள் பொய் சொல்கிறாள் என்று ஆகாது.

தம்பியையும் மறந்துவிடாதீர்கள். அவனும் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறான். போக்சோ சட்டத்தில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடு இல்லை. நீங்கள் குடைந்து கேட்க வேண்டாம். அவனும் அங்கே இருந்தான் என்பதைப் புகாரில் எழுதுங்கள், பேசத் தெரிந்தவர்கள் பேசிப் பார்ப்பார்கள்.

எங்கே சொல்வது

1098 குழந்தைகளுக்கான உதவி எண். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. கடலூரிலிருந்தும் அழைக்கலாம், புதுச்சேரியிலிருந்தும் அழைக்கலாம். குழந்தையின் வயது, இப்போது யாரிடம் இருக்கிறாள், தவறு செய்தவர் அவளை நெருங்க வழி இருக்கிறதா, காயம் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். முதல் வாக்கியத்திலேயே "குழந்தை இப்போது என்னிடம் பத்திரமாக இருக்கிறாள், விடுமுறை முடிந்ததும் அங்கே திரும்ப வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். அவசரம் எவ்வளவு என்று அவர்கள் தீர்மானிப்பது அதை வைத்துத்தான். அழைத்த தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தகவல் போவது இந்த வழியில்தான்.

ஆனால் 1098-ல் சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சட்டம் சொல்வது போலீஸுக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று. அனைத்து மகளிர் காவல் நிலையம் இதற்குப் பழக்கப்பட்ட இடம். ஆனாலும் எந்தக் காவல் நிலையமும் "இங்கே வாங்க மாட்டோம்" என்று சொல்ல முடியாது.

எல்லைப் பிரச்சினைக்கு வருகிறேன். கடலூரையும் பாகூர் பக்கத்தையும் அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு தெருவில் நடக்கும்போதே மாநிலம் மாறிவிடும். அதனால் "நடந்தது கிருமாம்பாக்கம் லிமிட், அங்க போங்க" என்று இந்தப் பக்கமும், "குழந்தை ரெட்டிச்சாவடி பக்கம், அங்க குடுங்க" என்று அந்தப் பக்கமும் சொல்லக்கூடும். இரண்டும் தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். கடலூரில் பதிவு செய்து, அவர்களே புதுச்சேரி போலீஸுக்கு மாற்றுவார்கள். விசாரணையும் வழக்கும் பெரும்பாலும் குற்றம் நடந்த புதுச்சேரியில் நடக்கும். குழந்தையின் பாதுகாப்பை அவள் வசிக்கும் கடலூர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு கவனிக்கும். இரண்டு இடத்துக்கும் மேல்முறையீடு ஒரே சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். வேறு மாநிலத்தில் வழக்கு என்று மலைக்க வேண்டாம்.

அடுத்து, நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். போக்சோ புகாருக்கு சி.எஸ்.ஆர். போதாது. அடகு வைத்த நகைத் தகராறு போல இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசும் விஷயம் இது இல்லை. எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். குழந்தையின் உரிமைகளைச் சொல்லும் படிவம் ஒன்றும் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் காவலரும் அதே 21-வது பிரிவின் கீழ் தண்டனைக்கு உரியவர். மறுத்தால் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், 1098-க்கும் மறுபடி சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற சட்டப் பணிகள் எண்ணில் கேளுங்கள்.

அவசரம் என்றால்

விடுமுறை முடிந்து யாராவது வந்து அவளை வலுக்கட்டாயமாக அழைத்துப் போக முயன்றால், வீட்டு வாசலில் மிரட்டினால், 112. குழந்தை "செத்துப்போகலாம் போல இருக்கு" என்றோ, சாப்பிடாமல் தூங்காமல் உடம்பைக் கீறிக்கொண்டோ இருந்தால், தனியே விடாதீர்கள். 14416 டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் எண்களைத் தேடிக்கொண்டிருக்காமல் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ நேராகப் போய்விடுங்கள். "எஃப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது. அரசு, தனியார் எதுவானாலும் முதல் சிகிச்சை இலவசம்.

மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம்

அக்கா பயப்படுவது இதற்குத்தான் என்று கடிதத்தில் தெரிகிறது. கன்னித்தன்மை சோதனை என்று ஊரில் பேசிக்கொள்ளும் அந்த இருவிரல் சோதனையைச் செய்யவே கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ, அவள் நம்பும் வேறொருவரோ கூட இருக்கலாம். உடைக்கு மேல் தொட்டது, அதுவும் சில வாரங்களுக்கு முன் என்பதால் உடலில் தடயம் இருக்க வாய்ப்பு குறைவு. "ஒன்றும் இல்லை" என்று மருத்துவர் எழுதினால் வழக்கு விழுந்துவிடாது. இந்த மாதிரிக் குற்றத்தில் குழந்தையின் வாக்குமூலமே முதன்மைச் சான்று. பெரியப்பாவின் போனும் ஒரு சான்று.

இதே பக்கத்தைப் படிக்கும் வேறு யாருக்காவது இது நேற்று, முந்தாநாள் நடந்தது என்றால் நிலைமை வேறு. குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல், அந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காகிதப் பையில் போட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

வாக்குமூலம் எடுக்கக் குழந்தை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எடுக்கலாம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வருவார். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அதன்பின் மாஜிஸ்திரேட் முன் ஒருமுறை, சாட்சி சொல்லும்போது சிறப்பு நீதிமன்றத்தில் ஒருமுறை பேச வேண்டியிருக்கும். அங்கே அவள் பெரியப்பாவை எதிரில் பார்க்காதபடி திரையோ வீடியோவோ ஏற்பாடு செய்வது நீதிமன்றத்தின் கடமை. வக்கீல்கள் அவளை நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதிதான் கேட்பார். விசாரணையை 2 மாதத்தில் போலீஸ் முடிக்க வேண்டும், வழக்கை முடிந்தவரை ஓராண்டில் நீதிமன்றம் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார்செய்து வையுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் ஓர் ஆதரவு நபரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கப்போகிறது என்று குழந்தைக்குச் சொல்லிக் கூடவே வருபவர் அவர்தான். வாய்தா, ஜாமீன் மனு பற்றியெல்லாம் அக்கா போலீஸ் பின்னால் அலைய வேண்டியிராது.

அக்காவும் ஹோமும்

புகார் கொடுத்தாலே குழந்தையை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். தவறு செய்தவர் அதே வீட்டில் இருந்தாலோ, பாதுகாக்க யாரும் இல்லை என்றாலோதான் அந்தக் கேள்வியே எழும். அப்போதும் குழந்தைகள் நலக் குழு குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு, பொதுவாக 3 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இங்கே அம்மா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். பள்ளி விட்டபின் குழந்தைகள் எங்கே இருப்பார்கள் என்பதற்கு உறுதியான ஒரு மாற்று ஏற்பாட்டோடு குழு முன் போங்கள். கேள்வி பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லி இப்படிப்பட்ட வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பேசி முடிக்க உட்காருகிற பெரியவர்களும் விஷயம் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள், சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கும் அதே 21-வது பிரிவு. நீங்களும் பெரியப்பாவிடம் நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம். ஆத்திரம் நியாயமானது, ஆனால் அந்தச் சண்டைக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் போனில் இருப்பதை அழிப்பார், அன்று இரவே குழந்தையின் அம்மாவுக்கு அழுத்தம் வரும். அப்பாவிடம் சொல்வதும் இதே கணக்குத்தான். அண்ணன்மேல் இப்படி ஒரு பழியா என்று அவர் முதலில் அண்ணனுக்குத்தான் போன் போடுவார். எஃப்.ஐ.ஆர். பதிவான அன்று மாலை, குழந்தை உங்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களே பேசுங்கள்.

அக்காவைக் குற்றவாளி போல நடத்தாதீர்கள். கணவர் வெளிநாட்டில், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது கொழுந்தனார் வீடு அல்ல, மூத்தார் வீடு. எதிர்த்துப் பேச அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசியுங்கள். பெயர் வெளியே வராது என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்: போக்சோ எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற்றப்படாது, நீதிமன்ற விசாரணை மூடிய அறையில் நடக்கும், பெயரை வெளியிடும் பத்திரிகைக்கும் தண்டனை உண்டு. பணக் கஷ்டம் வந்தால் உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால இழப்பீடும் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம். அவர் வராவிட்டாலும் புகார் நிற்கும். அவரும் வந்தால் குழந்தைக்கு நல்லது.

காவல் நிலையத்துக்கு முதல் நாள் குழந்தையை அழைத்துப் போக வேண்டாம். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீங்கள் போனால் போதும். எழுதிய தாளை இரண்டு நகல் எடுத்து, மூலத்தை வீட்டில் வையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலோ பள்ளியில் தந்த வயதுச் சான்றோ கையில் இருந்தால் எடுத்துப் போங்கள். 12 வயதுக்குக் கீழ் என்பது எந்தப் பிரிவில் வழக்கு என்பதைத் தீர்மானிக்கும். இல்லாவிட்டால் அதற்காக ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம், போலீஸே பள்ளியிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். புகாரில் முதல் வரியாகக் குழந்தையின் வயதையும், தவறு செய்தவர் அவளுக்கு என்ன உறவு என்பதையும், பலமுறை நடந்தது என்பதையும் எழுதுங்கள்.